காரணம் கேட்கும் உரிமையும் காரணம் சொல்லும் கடமையும்

காணொளி வாயிலாக வைத்தியம் பேசும் சித்த மருத்துவர்களுக்கும் பரம்பரை வைத்தியர்களுக்கும் இயற்கை மருத்துவ அன்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஆவாரம்பூவையும் ஆடாதோடையையும் திரிகடுகத்தையும் பற்றி நீங்கள் கைபேசித் திரையில் தோன்றிப் பேசுவதை, முன்பு வானொலியில் மருத்துவக் குறிப்புக் கேட்ட அதே சிரத்தையோடு இன்று எத்தனையோ குடும்பங்களில் பெரியவர்கள் கேட்டுவருகிறார்கள். அவ்வாறு கேட்கிறவர்களுள் நானும் ஒருவன். வைத்தியனும் அல்லேன், எந்த வைத்திய முறைக்கும் வக்கீலும் அல்லேன். சில ஆண்டுகளாக உங்கள் பேச்சில் மருந்தைக் காட்டிலும் மனத்தாங்கலே மிகுந்துவருவதைக் கவனிக்கிறேன். "வீடியோவைத் தூக்கிவிட்டார்கள்", "ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது", "சேனலே போய்விட்டது" என்பன உங்கள் வட்டாரத்தில் அன்றாட வார்த்தைகளாகிவிட்டன. அந்த மனத்தாங்கலில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை நீங்கள் கேட்கும் முறையிலோ பெருங்குறை ஒன்று உண்டு. இரண்டையும் ஒருங்கே சொல்லவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

முதலில் உங்கள் வழக்கை உங்கள் பக்கம் நின்றே சொல்லிப் பார்க்கிறேன். யூடியூப் ஸ்தாபனத்தார் ஒரு வீடியோவைத் தங்கள் விதிக்கு முரணானதென்று கருதினால், முதன்முறை பெரும்பாலும் எச்சரிக்கையோடு விடுகிறார்கள். மறுமுறை ஸ்ட்ரைக் விழுகிறது, ஒரு வாரம் புதிதாக எதையும் ஏற்ற முடிவதில்லை. 90 நாட்களுக்குள் இரண்டாவது விழுந்தால் இரண்டு வாரம். மூன்றாவதும் விழுந்தால் பல ஆண்டு உழைப்பில் உருவான சேனல் முழுவதுமே நீங்கிவிடுகிறது. இதற்கென வரும் நோட்டீஸிலே 'மருத்துவம் குறித்த தவறான தகவல்' என்கிற விதியின் தலைப்பு காணப்படும். நீங்கள் பேசிய அரைமணி நேரத்தில் எந்த வாக்கியம் எந்தப் பிரமாணத்துக்கு மாறுபட்டது என்கிற விளக்கம் பல வேளைகளில் காணப்படாது. உங்கள் தமிழை நிறுத்துப் பார்த்தது இயந்திரமா, தமிழறிந்த மனிதரா என்பதும் உங்களுக்குத் தெரிவதில்லை. இந்த அச்சத்தினாலேயே கொரோனாக் காலத்தில் நோயின் பெயரை நாவால் உச்சரிக்க அஞ்சி, 'அந்தக் கிருமி' என்று சுற்றிவளைத்துச் சொல்லவும், எழுதும்போது பெயரின் நடுவே புள்ளியிட்டு மறைக்கவும் உங்களில் பலர் பழகிக்கொண்டீர்கள். நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சுகிற இடத்தில் நல்ல வைத்தியமும் நடவாது, நல்ல விவாதமும் நடவாது.

விதிகளாவது நிலையாக இருந்தனவா என்றால், அதுவும் இல்லை. கொரோனாக் கிருமி மனிதர் செய்தது என்று எழுதுவதை 2021 பிப்ரவரியில் நீக்கத்தக்க பொய்களின் பட்டியலில் சேர்த்த பேஸ்புக், அதே ஆண்டு மே மாதத்தில் அத்தடையை எடுத்துவிட்டது. கிருமி எவ்வாறு தோன்றியது என்கிற வினா அந்த மூன்று மாதத்தில் தீர்ந்துவிடவில்லை. வினாவைப் பற்றிய ஸ்தாபனத்தாரின் அபிப்பிராயமே மாறிற்று. அதே ஆண்டு நவம்பரில், 1840 முதல் வெளிவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், ஃபைசர் தடுப்பூசிப் பரிசோதனையின் ஒரு பகுதியை நடத்திய டெக்ஸாஸ் மாகாண ஒப்பந்தக் கம்பெனியின் குறைபாடுகளைப் பற்றி ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. அதைப் பேஸ்புக்கில் பகிர்ந்தவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. கட்டுரையின்மேல் 'சூழல் விடுபட்டது' என்று முத்திரை விழுந்தது. அப்பத்திரிகையின் ஆசிரியர்கள் பேஸ்புக்கின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க்கிற்குத் திறந்த மடலே எழுத நேர்ந்தது. நவீன மருத்துவத்தின் தலைமைப் பத்திரிகைகளுள் ஒன்றுக்கே இக்கதியென்றால், தென்காசிப் பக்கத்துப் பரம்பரை வைத்தியர் ஒருவரின் சேனலுக்கு என்ன பாதுகாப்பு என்று நீங்கள் கேட்பது வீண் கேள்வியன்று.

நம் ஊர்ச் சங்கதி ஒன்றையும் பாருங்கள். 2020 மே மாதத்தில் யூடியூப் வெளியிட்ட கொரோனா விதி, உலகச் சுகாதார ஸ்தாபனமும் உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகளும் கூறுவதற்கு மாறாகப் பேசுவதைத் தடுத்தது. அவ்விரு தரப்பாரும் ஒரே சொல்லைச் சொல்லும்போது அவ்விதியைப் பின்பற்றுவதில் சங்கடம் இல்லை. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தமிழ்நாட்டு அரசாங்கம் 'ஆரோக்கியம்' என்னும் திட்டத்தின் கீழ்க் கபசுரக் குடிநீர்ச் சூரணத்தை மக்களுக்கு வழங்கத் தொடங்கியிருந்தது; உலகச் சுகாதார ஸ்தாபனமோ அதற்கு அங்கீகாரம் எதுவும் அளித்ததில்லை. மாநகராட்சி ஊழியர் தெருமுனையில் நின்று வழங்கிய ஒரு பொருளை, அதே தெருவில் குடியிருக்கும் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எந்த அளவுக்குச் சிலாகித்துப் பேசலாம், எந்த அளவுக்கு மேல் பேசலாகாது என்பதை அவ்விதியைப் படித்து எவரும் அறிய முடிந்திராது. தெளிவில்லாத விதி குற்றவாளியை மட்டும் அஞ்சச் செய்வதில்லை. ஜாக்கிரதையாகப் பேசுகிறவனையே முதலில் ஊமையாக்குகிறது.

நிற்க. உங்கள் வழக்கை இவ்வளவு தூரம் ஒப்புக்கொண்ட பிறகு, நீங்கள் கேட்க விரும்பாததையும் சொல்லவேண்டியவனாகிறேன். நீக்கப்பட்டவை அனைத்தும் சுக்கு மல்லிக் காப்பியைப் பற்றிய பேச்சுகளாக இருந்திருந்தால் இம்மடலுக்கே தேவை இராது. 'கீமோ வேண்டாம், கத்தி வேண்டாம், என்னிடம் வாருங்கள்' என்று புற்றுநோயாளியை அழைத்த பேச்சுகள் அவற்றுள் உண்டு; சர்க்கரை நோய்க்காரரை இன்சுலினை இன்றே நிறுத்தச் சொன்ன பேச்சுகளும் உண்டு. 2018-இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த ஆய்வு, குணப்படுத்தத்தக்க நிலையில் இருந்தும் மாற்று வைத்தியத்தை மட்டுமே நாடிய 281 புற்றுநோயாளிகளை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டது. முன்னவர்க்கு மரண அபாயம் 2.5 மடங்கு மிகுதி என்று கண்டது. மார்பகப் புற்றுநோயில் அந்த அபாயம் ஐந்து மடங்கையும் கடந்தது. ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்ட மார்புக் கட்டியோடு ஓராண்டு லேகியம் சாப்பிட்டுவிட்டு, எலும்புவரை நோய் பரவிய பின்னர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் பெண்மணிக்குப் பேச்சுச் சுதந்திரத்தின் மேன்மையை நம்மில் யார் எடுத்துச் சொல்லப்போகிறோம்?

இத்தகைய பேச்சுக்குத் தடை விதிப்பது மேல்நாட்டு மருந்துக் கம்பெனிகளின் சதி என்று கூறிவிடுவதும் சரித்திரத்துக்கு ஒவ்வாது. அந்தத் தடையை நம் நாட்டுப் பாராளுமன்றமே 1954-இல் சட்டமாக இயற்றியது. மருந்துகள், மாயப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபத்துக்குரிய விளம்பரச் சட்டம் என்பது அதன் பெயர். புற்றுநோய், நீரிழிவு முதலாக அதன் இன்றைய அட்டவணையில் கண்ட 54 பிணிகளைக் குணப்படுத்துவதாக எம்மருந்தையும் விளம்பரம் செய்யலாகாது என்று அது விதிக்கிறது. விளம்பரம் இன்னதென்று வரையறுத்த இடத்தில் நோட்டீஸும் லேபிளும் மேலுறையும் மட்டுமன்றி, ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ செய்யப்படும் அறிவிப்பையும் அது அடக்கிக்கொண்டது. யூடியூப் பிறப்பதற்கு அரைநூற்றாண்டு முன்பே எழுதப்பட்ட அந்த வாசகத்துக்குள் இன்றைய வீடியோவும் அடங்கிவிடுகிறது.

அச்சட்டத்தை எதிர்த்து டில்லியைச் சேர்ந்த யுனானி மருந்தகமான ஹம்தர்த் தவாகானா சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1959 டிசம்பரில் பிறந்த தீர்ப்பைப் படித்தால் இன்றைய தகராற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும். நோயாளி தன்னைத் தானே வைத்தியம் செய்துகொள்ளத் தூண்டும் மருந்து வியாபார விளம்பரத்துக்குப் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்பு இல்லை என்று நீதிபதிகள் கூறினர். அதே தீர்ப்பில், அரசாங்கம் தன் விருப்பம்போல் வேறு நோய்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகலாம் என்றிருந்த வாசகத்தை, வழிகாட்டும் நெறி எதுவும் இன்றி வழங்கப்பட்ட அதிகாரம் என்று கூறி வெட்டி எறிந்தனர். பறிமுதல் செய்யும் அதிகாரத்திலும் கைவைத்தனர். மேலும் அச்சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு: சாஸ்திர நோக்கிலோ சமூக நோக்கிலோ நேர்மையான எண்ணத்தோடு எழுதப்படும் நூல்களை அது தீண்டுவதில்லை. மருந்தை விற்பதற்காகப் பேசுவதும் மருந்தைப் பற்றி அறிவு பெறுவதற்காகப் பேசுவதும் வேறுவேறு என்று அன்றே நம்மவர் தெளிந்திருந்தனர்.

இவ்விடத்தில்தான் இணைய ஸ்தாபனங்களின் மீது நாம் வைக்கவேண்டிய குற்றச்சாட்டு நிலைகொள்கிறது. அவை தடை விதிப்பது குற்றமன்று. அட்டவணையை வெளிப்படையாக வைக்காமலும், காரணத்தை எடுத்துரைக்காமலும், மறுமொழி கேட்காமலும் தடை விதிப்பதே குற்றம். அவற்றுள் ஒன்றான பேஸ்புக்கின் கண்காணிப்புக்கென அமைந்த சபையே இதைச் சொல்லியிருக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மருந்தைக் கொரோனாவுக்கு அனுமதிக்கவில்லையே என்று பிரான்ஸ் நாட்டு மருந்து ஆணையத்தைக் கண்டித்து ஒருவர் எழுதிய பதிவைப் பேஸ்புக் நீக்கிற்று. 2021 ஜனவரியில் அதை ஆராய்ந்த மேற்பார்வை வாரியம், அந்த மருந்து அந்நாட்டில் வைத்தியர் சீட்டின்றிக் கிடைக்காது என்பதையும், எழுதியவர் அரசாங்கக் கொள்கையையே கண்டித்தார் என்பதையும் எடுத்துக்காட்டி, உடனடி அபாயம் நிரூபிக்கப்படவில்லை, விதியே தெளிவற்றது என்று தீர்த்துப் பதிவைத் திருப்பி வைக்கச் சொல்லிற்று. அம்மருந்து கொரோனாவைக் குணப்படுத்தும் என்று வாரியம் சொல்லவில்லை. காரணம் போதாது என்றே சொல்லிற்று. நீங்கள் கேட்கவேண்டியதும் அவ்வளவே.

அதைக் கேட்க உங்களுக்குச் சட்ட ஆதாரமும் உண்டு. இந்திய அரசாங்கத்தின் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளில், 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளர்களைக் கொண்ட சமூக ஊடகம் எதுவும் தன் முனைப்பில் ஒரு பதிவை நீக்குமுன், பதிவிட்டவருக்குக் காரணத்தோடு அறிவிப்புத் தரவேண்டும், அவர் தம் கட்சியைச் சொல்லத் தக்க அவகாசமும் தரவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. குறைதீர்க்கும் அதிகாரியின் முடிவு திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் அரசாங்கம் அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம். சேனல் போய்விட்டதென்று வேறொரு சேனலில் கண்ணீர் விடுவதைவிட, இந்த விதியைக் கையில் பிடித்துக்கொண்டு, தமிழில் பேசியதைத் தமிழறிந்த மனிதர் கேட்டுக் காரணம் எழுதித்தர வேண்டும் என்று விடாமல் மனுச் செய்வது நூறு மடங்கு பயனுள்ள காரியம்.

ஆனால் பிறரிடம் காரணம் கேட்கிறவர் தம்மிடம் காரணம் கேட்கப்படுவதைக் கண்டு சினங்கொள்ளலாகாது. 'எந்த வாக்கியம் தவறு என்று சொல்லாமலே நீக்கிவிட்டார்கள்' என்று வருந்துகிற அதே வைத்தியர், 'இந்தக் கஷாயம் யாருக்கு, எத்தனை நாளில், எந்த ஆதாரத்தால் குணம் தரும்' என்று வினவுகிற நோயாளியை 'நம்பிக்கை இருந்தால் சாப்பிடுங்கள்' என்று அடக்குவது எவ்வகை நியாயம்? மறைப்பு எனும் பழைய மரபில் சரக்கின் பெயரையும் அளவையும் சீடனுக்கன்றி வெளியிடாதிருந்த காலம் ஒன்று இருந்தது. சீடன் அருகிலேயே இருந்தான், குருவும் நோயாளியின் நாடியைத் தாமே பார்த்தார் என்பதால் அன்று அது தாங்கத்தக்கதாயிருந்தது. இன்று உங்கள் பேச்சைக் கேட்பவர் உங்களை ஒருநாளும் காணாதவர். அவருடைய சிறுநீரகம் பழுதுபட்டதா, அவர் வேறு எந்த மாத்திரையை விழுங்குகிறார், அவர் வயிற்றில் கரு வளர்கிறதா என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். நாடி பாராமல் மருந்து சொல்லுகிறவர் காரணத்தையாவது முழுமையாகச் சொல்லத்தான் வேண்டும்.

காரணத்தை வெளிப்படையாக வைத்து வாதிடுவதென்றால் என்ன என்பதற்குக் கீழாநெல்லியின் கதையைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வீடுகள் நெடுங்காலமாக அறிந்த பக்குவம். சென்னைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், கல்லீரல் அழற்சி பி கிருமியின் அடையாளப் பொருளைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்கும் சேர்ந்து, அக்கிருமியை நெடுங்காலம் தாங்கியிருந்தவர்களுக்கு அம்மூலிகைத் தூளை வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளையாக 30 நாள் கொடுத்துப் பார்த்தனர். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு அவ்வடையாளப் பொருள் இரத்தத்தில் காணாமற்போயிற்று. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. 1988-இல் லான்செட் பத்திரிகை இதை வெளியிட்டது. நாட்டு மருந்தென்று அதை மேல்நாட்டுப் பத்திரிகை ஒதுக்கவில்லை என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. பிற நாடுகளில் பிறர் செய்து பார்த்த பரிசோதனைகளில் அந்தப் பலன் அவ்வாறே திரும்பக் கிடைக்கவில்லை. 2011-இல் காக்ரேன் குழுவினர் பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, போலி மருந்தைக் காட்டிலும் இம்மூலிகை நாட்பட்ட பி கிருமித் தொற்றுக்கு நன்மை தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடித்தனர். செடியின் இனம் வேறுபட்டதா, மண் வேறுபட்டதா, முதல் ஆய்வின் எண்ணிக்கை சிறிதாயிருந்ததா என்பவை ஆராயத்தக்க வினாக்கள். ஆராய்ச்சியாளர் தம் கணக்கைக் காட்டினர், மறுத்தவர் தம் கணக்கைக் காட்டினர். எவரும் எவருடைய வாயையும் அடைக்கவில்லை. உங்கள் வீடியோக்களில் இக்கதையின் முதற்பாதி மட்டுமே பலமுறை ஒலிப்பதையும், பின்பாதி ஒலிக்காமல் போவதையும் நான் கண்டிருக்கிறேன். முதற்பாதியை மட்டும் சொல்கிறவரும் கதை முழுவதையும் நீக்குகிறவரும் கேட்பவனுக்குச் செய்கிற தீங்கு ஒரே வகையினதே.

சீந்திலின் சங்கதியும் இத்தகையதே. கபசுரக் குடிநீரில் சேரும் 15 சரக்குகளுள் சீந்திலும் ஒன்று. கொரோனாக் காலத்தில் சீந்திலை உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பழுதுற்றதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் உடனே மறுத்தது; அவர்கள் உண்டது சீந்தில்தானா, அதைப் போன்ற வேறொரு கொடியா என்று கேட்டது. நல்ல கேள்வி, அதற்கு விடை காணும் தகுதியும் உங்களுக்கே உண்டு. சீந்தில் கொடியையும் அதை ஒத்த கொடியையும் கையில் எடுத்து, தண்டையும் இலையையும் காட்டி, ஏற்கெனவே கல்லீரல் நோயுள்ளவர் எதைத் தவிர்க்கவேண்டும் என்று விளக்கும் ஒரு வீடியோ, சீந்திலை அமிர்தமென்று புகழும் நூறு வீடியோக்களைவிடச் சித்த மருத்துவத்தின் மானத்தைக் காப்பாற்றும்.

இன்னொன்றையும் நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். வாய்ப்பூட்டு உங்களுக்கு மட்டும் போடப்படுவதாக எண்ணாதீர்கள். மூலிகை மருந்துகளால் விளையும் கல்லீரல் பழுதைப் பற்றி ஓயாமல் எழுதிவரும் கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ், ஹிமாலயா வெல்னெஸ் நிறுவனத்தின் மருந்துகளை விமர்சித்து எழுதியதற்காக அந்நிறுவனம் பெங்களூர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவர் தரப்பைக் கேளாமலே பிறந்த இடைக்கால உத்தரவைக் கொண்டு, 2023 செப்டம்பரில் எக்ஸ் தளம் அவருடைய கணக்கு முழுவதையும் இந்தியாவில் மறைத்தது. குறிப்பிட்ட பதிவுகளை மட்டும் மறைத்துக் கணக்கைத் திருப்பித் தரக் கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே வழிசெய்தது. அவருடைய கடுமையான சொற்கள் உங்களில் பலருக்குக் கசந்திருக்கக்கூடும். ஆயினும் அவர் வாய் அடைபட்ட அன்று உங்களில் எவரேனும் மகிழ்ந்திருந்தால், உங்கள் சேனல் நீங்கியதற்கு நியாயம் கேட்கும் உரிமையை அன்றே இழந்துவிட்டீர்கள். களையென்று ஒருவன் பயிரைப் பிடுங்கும்போது அது அடுத்தவன் வயல்தானே என்று கைதட்டி நிற்கிறவன், தன் வயலுக்குக் காவல் கேட்பது எப்படி?

நம் முன்னோர் இதைவிட நல்ல வழியைக் கண்டிருந்தனர். 1921-இல் சென்னை மாகாண அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில் சுதேச வைத்திய முறைகளை ஆராய ஒரு குழுவை நியமித்தது. காப்டன் சீனிவாசமூர்த்தியைக் காரியதரிசியாகக் கொண்ட அக்குழு, வைத்தியர்களிடம் வினாக்களை அனுப்பிற்று. உங்கள் முறைக்கு அடிப்படை என்ன, அது விஞ்ஞான முறையாகுமா என்றெல்லாம் கேட்டது. வைத்தியர்கள் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் பிற மொழிகளிலும் தம் காரணங்களை எழுதி அனுப்பினர். 1923-இல் அறிக்கை வெளிவந்தபோது அச்சாட்சியங்களும் அச்சேறின. அதன் பயனாகவே சென்னையில் அரசாங்க இந்திய வைத்தியப் பள்ளி தோன்றியது. அந்நிய ஆட்சியின் கீழ், இருபுறமும் ஐயம் மிகுந்திருந்த காலத்தில், வினவுவோரும் விடையிறுப்போரும் இவ்வளவு கண்ணியத்தோடு நடந்துகொண்டனர் என்பது உங்கள் துறையின் சரித்திரம்.

ஆகவே அன்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவன சில. ஒவ்வொரு வீடியோவிலும் உங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் சொல்லுங்கள்; பதிவு இல்லாதவர் அதையும் மறையாது சொல்லட்டும். மருந்தின் மூலநூலையும், அளவையும், உண்ணக்கூடாதவர் இன்னார் என்பதையும், எந்த அறிகுறி தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதையும் சேர்த்தே பேசுங்கள். பலிக்காத மருந்துகளைப் பற்றியும் பேசுங்கள். தீங்கு விளைந்தால் ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டத்துக்குத் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வாயிலாக எழுதுங்கள். புற்றுநோயாளியின் கையிலிருந்து சிகிச்சையைப் பறிக்கும் பேர்வழியை, அவர் உங்கள் துறையின் பெயரால் பேசுகிறார் என்பதற்காகவே முதலில் நீங்கள் கண்டியுங்கள். அதன்பின் இணைய ஸ்தாபனங்களின் வாசலில் நின்று, 'எங்கள் காரணங்களை வைத்துவிட்டோம்; உங்கள் காரணத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள்' என்று கேளுங்கள். அப்போது வைத்தியர் அல்லாத என்னைப் போன்ற வாசகர்களும் உங்களோடு நின்று கேட்போம்.

இதற்குச் சங்கமும் மாநாடும் கூட வேண்டியதில்லை. உங்கள் சேனலில் மிகுதியான பேர் பார்த்த வீடியோவை இன்றே எடுத்துப் பாருங்கள். 'குணமாகும்' என்று நீங்கள் சொன்ன ஒவ்வோரிடத்திலும் யாருக்கு, எத்தனை நாளில், எந்த ஆதாரத்தால் என்பதைச் சேர்த்து மறுபடி வெளியிடுங்கள். சேர்க்க முடியாத இடத்தில் அந்தச் சொல்லை நீங்களே நீக்கிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் வாசகன்